இரண்டு பச்சாத்தாபங்கள்

எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார்; கிரிக்கெட் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். மாலையில் காற்று வாங்கப் புறப்பட்டால் நேரே என் வீட்டுத் திண்ணைக்குத்தான் வந்து சேருவார். என் நாவல்கள் எதையும் அவர் படித்ததில்லை. எங்கள் சிநேகம் இத்தனை வருஷம் நீடித்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சென்ற மாதம் ஒரு நாள் வந்து உட்கார்ந்தவர், வழக்கம்போல் ஆட்டத்தைப் பற்றிப் பேசாமல், "ஸார், உங்களிடம் ஒரு கேள்வி. ஹான்சி குரோனியே அழுதானே, அது நிஜமா, வேஷமா?" என்று கேட்டார்.

"அது 2000ஆம் வருஷத்துச் சங்கதி. அந்த மனிதர் இறந்தே இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. இப்போது என்ன அதைப் பற்றி?" என்றேன்.

"இருக்கட்டும். நீங்கள் கதை எழுதுகிறவர். ஒருத்தன் அழுகிறான் என்று எழுதும்போது, அவன் மனம் நொந்து அழுகிறானா, பாசாங்கு பண்ணுகிறானா என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? சொல்லுங்கள்."

"நிஜமாகத்தான் அழுதார்" என்று சொல்லிவைத்தேன். அவருக்குத் திருப்தியில்லை. எனக்கும் இல்லை. விடை சரியாக இருந்தாலும் வழி எழுதாத கணக்குக்கு மார்க் கிடையாது என்பது அவர் கட்சி. அந்த வழியை எழுதிப் பார்ப்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

மறந்துபோனவர்களுக்காக விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குரோனியே 1969இல் தென்னாப்பிரிக்காவில் பிளூம்ஃபான்டீன் என்ற ஊரில் பிறந்தவர். நிறவெறிக் கொள்கையினால் உலக விளையாட்டு மைதானங்களிலிருந்து நெடுங்காலம் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த அந்தத் தேசம் 1991இல்தான் சர்வதேசக் கிரிக்கெட்டுக்குத் திரும்பி வந்தது. 1994இல் அங்கே ஆட்சியே மாறியது. அந்தப் புதுத் தேசத்தின் அணிக்கு 53 டெஸ்ட் பந்தயங்களில் தலைமை வகித்து, 27இல் ஜயித்து, 11இல் மட்டுமே தோற்றவர் குரோனியே. தெய்வ பக்தி மிகுந்தவர். "ஏசு என்ன செய்திருப்பார்?" என்ற வாக்கியத்தின் முதலெழுத்துக்கள் பொறித்த பட்டையை மணிக்கட்டில் கட்டிக்கொண்டிருப்பார். வீட்டில் பிள்ளைகளுக்கு உதாரணம் காட்டுவதற்கென்றே பிறந்த மனிதர் என்று ஜனங்கள் நினைத்தார்கள்.

2000ஆம் வருஷம் ஏப்ரல் 7ஆம் தேதி, இவர் சூதாட்டத் தரகர் ஒருவருடன் தொலைபேசியில் பேசிய பேச்சு தங்களிடம் ஒலிநாடாவில் பதிவாகியிருக்கிறது என்று தில்லிப் போலீஸார் அறிவித்தார்கள். குரோனியே மறுத்தார். அவர் தேசத்தில் யாரும் போலீஸாரை நம்பவில்லை. நான்கு நாள் கழித்து, 11ஆம் தேதி பொழுது விடிவதற்கு முன்னால், டர்பன் நகரத்தில் தங்கியிருந்த ஓட்டலிலிருந்து கிரிக்கெட் வாரியத்தின் நிர்வாகி அலி பாக்கரைத் தொலைபேசியில் எழுப்பி, தாம் முழுக்க நேர்மையாக நடந்துகொள்ளவில்லை என்றார். பத்து முதல் பதினையாயிரம் டாலர் வரை வாங்கியதாகவும், அது தகவல் சொன்னதற்காக மட்டுந்தான், ஆட்டத்தை விற்கவில்லை என்றும் சொன்னார்.

ஜூன் மாதம் கேப் டவுன் நகரில் நீதிபதி எட்வின் கிங் தலைமையில் விசாரணைக் கமிஷன் கூடியது. அங்கே இன்னும் பல விஷயங்கள் வெளிவந்தன. 1996 முதல் தரகர்களிடம் வாங்கிய பணம் ஒரு லட்சம் டாலர் அளவுக்கு இருந்தது. 2000ஆம் வருஷம் ஜனவரியில் செஞ்சூரியன் மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக நடந்த டெஸ்டில், மழையால் வீணாகிவிட்ட ஆட்டத்துக்கு எப்படியாவது ஒரு முடிவு வரும்படி அவர் செய்த ஏற்பாட்டை உலகமே பெருந்தன்மை என்று பாராட்டியது. அதற்குப் பின்னாலும் ஒரு தரகர் இருந்தார். கைக்கு வந்தது சுமார் 50,000 ராண்டும், மனைவிக்காக ஒரு தோல் கோட்டும். ஜூன் 23ஆம் தேதி சாட்சியம் முடிந்து வெளியே வரும்போது குரோனியே தாங்க மாட்டாமல் அழுதார். கூட இருந்தவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தப் படம் உலகத்துப் பத்திரிகைகளிலெல்லாம் வந்தது. என் நண்பர் கேட்டது அந்தக் கண்ணீரைப் பற்றித்தான்.

நாவலாசிரியனிடம் இப்படி ஒரு வாக்குமூலத்தைக் கொடுத்தால் அவன் கண்ணீரைப் பார்க்க மாட்டான், வாக்கியங்களைப் பார்ப்பான். கண்ணீரை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். மட்டமான தொடர்கதைகளில்தான் அது பக்கத்துக்குப் பக்கம் ஓடுகிறது. வாக்கியங்கள் அப்படியல்ல. அவை ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

"முழுக்க நேர்மையாக இருக்கவில்லை" என்ற வாக்கியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். "முழுக்க" என்ற சொல் அங்கே என்ன செய்கிறது? "நான் பொய் சொன்னேன்" என்றால் மூன்றே வார்த்தை. அதைச் சொல்ல முடியாத மனம் ஒரு சின்னச் சொல்லைக் குடையாகப் பிடித்துக்கொள்கிறது. கொஞ்சம் நேர்மை பாக்கியிருக்கிறது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொள்கிறது.

அடுத்தது, எழுவாய். பின்னர் அவர் தந்த விளக்கத்தில், ஒரு பலவீனமான நேரத்தில் சாத்தானும் உலகமும் தம்மை ஆட்டிவைக்க இடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். கமிஷன் முன்னால் தமது பண ஆசையைக் குடிப்பழக்கம் போன்ற ஒரு வியாதிக்கு ஒப்பிட்டார். சாத்தானில் நம்பிக்கை உள்ளவர் சாத்தான் என்று சொல்வதில் தப்பில்லை. ஆனால் ஒரு வாக்கியத்தில் குற்றம் செய்தவன் பேய், இன்னொன்றில் வியாதி. கை நீட்டிப் பணம் வாங்கிய ஆசாமி எழுவாயாக நிற்பது அபூர்வமாக இருக்கிறது.

மூன்றாவது, உண்மை வந்த விதம். அது ஒரே மூச்சில் வரவில்லை. தொடர்கதைபோல வாராவாரம் வந்தது. முதலில் மறுப்பு. பிறகு பதினையாயிரம் டாலர். ஜூன் 8ஆம் தேதி ஹெர்ஷல் கிப்ஸ் என்ற ஆட்டக்காரர் கமிஷன் முன் தமக்குத் தெரிந்ததைச் சொன்னார். ஜூன் 15ஆம் தேதி குரோனியே அதையும் ஒப்புக்கொண்டார். போதாததற்கு, முழு உண்மையையும் சொன்னால் கிரிமினல் வழக்குப் போடுவதில்லை என்று அரசாங்க வக்கீல்கள் உறுதி கூறியிருந்தார்கள். ஒப்புதலுக்கு ஒரு விலை இருந்தது. விலை கொடுத்து வாங்கிய ஒப்புதல் எல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. அதைப் பச்சாத்தாபத்துக்குச் சாட்சியாகக் கூப்பிட முடியாது என்றுதான் சொல்கிறேன்.

இதுவரை சொன்னதெல்லாம் குரோனியேக்கு எதிரான கட்சி. ஆனால் வாக்கியங்களை நம்புகிறவன் எல்லா வாக்கியங்களையும் படிக்க வேண்டும். பணத்தின் மேல் தமக்கு இருந்த ஆசையை அவர் வாய் திறந்து சொன்னார். ஏமாற்றுக்காரன் அதைச் சொல்லமாட்டான். அவனுக்குத் தாயாரின் வியாதியோ, தங்கையின் கல்யாணமோ, ஊரார் இரக்கப்படும்படியாக ஏதாவது ஒன்று கிடைத்துவிடும். எந்தக் கஷ்டமும் இல்லாத ஒருவர், "ஆசை, வாங்கினேன்" என்று தேசம் முழுவதும் கேட்கச் சொல்வது சுலபமில்லை. அந்தத் தோல் கோட்டும் அப்படித்தான். கற்பனையில் இத்தனை அற்பமான பொருள் உதிக்காது. அதை ஒப்புக்கொள்ளும்போது ஒரு மனிதனுக்கு எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. ஆகையால் கண்ணீர் நிஜம் என்று நான் திண்ணையில் சொன்னதை வாபஸ் வாங்க வேண்டியதில்லை.

ஆனால் நண்பர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. கண்ணீர் நிஜமென்றே வைத்துக்கொள்வோம். அது யாருக்காக வடிந்தது?

குற்றத்தை ஒப்புக்கொள்வதும் அதற்காக வருந்துவதும் வேறு வேறு காரியங்கள். தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' படித்தவர்களுக்கு இது தெரியும். ரஸ்கோல்நிகோவ் போலீஸ் நிலையத்துக்குத் தானே போய்க் குற்றத்தை ஒப்புக்கொள்கிறான். வேறு ஆசிரியராக இருந்தால் அங்கே முற்றும் போட்டிருப்பார். தஸ்தயேவ்ஸ்கி அவனைச் சைபீரியச் சிறைக்கு அனுப்புகிறார். அங்கேயும் அவன் வருந்துவதில்லை. தோற்றுப்போனோமே என்றுதான் புழுங்குகிறான். கடைசியில் ஓர் ஆற்றங்கரையில், தனக்காக அவ்வளவு தூரம் வந்து காத்திருக்கிற ஒரு பெண்ணை முதல் தடவையாக நிமிர்ந்து பார்க்கும்போதுதான் அவன் மனம் உடைகிறது.

இதை நம் கவி ஒருவர் இன்னும் துல்லியமாகக் காட்டியிருக்கிறார் என்பது என் அபிப்பிராயம். சிலப்பதிகாரத்தில் கோவலன் இரண்டு தடவை வருந்துகிறான். மாதவியோடு ஊடிப் பிரிந்து கண்ணகியிடம் திரும்பி வருகிறானே, அது முதல் தடவை. அப்போது அவன் என்ன சொல்கிறான்? வஞ்சகக்காரி ஒருத்தியோடு கூடிக் குலத்தார் தேடிவைத்த மலைபோன்ற செல்வத்தைத் தொலைத்தேன். இந்த வறுமை எனக்கு வெட்கமாக இருக்கிறது என்கிறான். குற்றம் மாதவியுடையது, நஷ்டம் செல்வம், வெட்கம் தன்னுடையது. எதிரே நிற்கும் கண்ணகி அந்தப் பேச்சில் எங்கேயும் இல்லை. அவளும் அவனுக்குப் பணந்தான் தேவைப்படுகிறது என்று எடுத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு சிலம்பு இருக்கிறது என்கிறாள்.

இரண்டாவது தடவை மதுரைக்கு வெளியே ஆயர்பாடியில். வெகுதூரம் நடந்தாகிவிட்டது. அவள் சமைத்துப் போட்டுச் சாப்பிட்டாகிவிட்டது. சிலம்பை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் புறப்படுவதற்கு முன் கோவலன் பேசுகிறான். கல்லும் முள்ளுமான வழியில் உன் மெல்லிய பாதம் எப்படி நடந்தது என்கிறான். வீண் மனிதர்களோடு திரிந்து கெட்டது நான் என்கிறான். பெற்றவர்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை. உனக்கும் தீமை செய்தேன். எழுந்து வா என்றேன், நீயும் எழுந்து வந்துவிட்டாயே என்று உருகுகிறான். செல்வம் போனதைப் பற்றி அவன் வருந்தவில்லை. மாதவியைக் குற்றம் சொல்லவில்லை. அவன் கண்முன் கண்ணகி நிற்கிறாள்.

இளங்கோவடிகள் இன்னொரு நுட்பமும் செய்திருக்கிறார். முதல் பச்சாத்தாபத்துக்குச் சிரிப்போடு சிலம்பைக் கொடுத்த கண்ணகி, இந்த இரண்டாவது பச்சாத்தாபத்துக்குப் பிறகுதான், நீங்கள் நடந்துகொண்டது சரியில்லை என்று வாய்விட்டுச் சொல்கிறாள். எதிரில் இருப்பவன் தன்னைப் பார்க்கிறான் என்று தெரிந்த பிறகுதான் துன்பப்பட்டவர்களுக்குப் பேச்சு வருகிறது. பச்சாத்தாபம் உண்மையா என்று பார்ப்பதற்கு இதைவிட நல்ல உரைகல் எனக்குத் தெரியாது.

இந்த உரைகல்லில் குரோனியேயை உரைத்துப் பார்ப்போம். அவர் கதையில் கண்ணகியின் இடத்தில் நிற்பவர்கள் யார்? ரசிகர்கள் என்று சிலர் சொல்வார்கள். தேசம் என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் எனக்குத் தெரிவது இரண்டு பேர்: ஹெர்ஷல் கிப்ஸ், ஹென்றி வில்லியம்ஸ்.

2000ஆம் வருஷம் மார்ச்சு 19ஆம் தேதி நாகபுரியில் நடக்கவிருந்த ஒருநாள் பந்தயத்தில் கிப்ஸ் 20 ஓட்டத்துக்குள் ஆட்டமிழக்க வேண்டும், வில்லியம்ஸ் தமது 10 ஓவரில் 50 ஓட்டத்துக்கு மேல் கொடுக்க வேண்டும், ஆளுக்கு 15,000 டாலர் என்று பேச்சு. அப்படிக் கேட்டதைக் குரோனியேயே கமிஷன் முன்னால் ஒப்புக்கொண்டார். ஒலிநாடாவில் தரகரிடம் அவர் பேசிய தொகை தலைக்கு 25,000. நடுவில் இருந்த பத்தாயிரத்தைப் பற்றி வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம். நடந்தது என்னவோ வேறு. கிப்ஸ் 74 ஓட்டம் அடித்துவிட்டார். வில்லியம்ஸ் 11 பந்து போட்டதும் தோளில் அடிபட்டு வெளியேறினார். இருவரும் வாக்குக் கொடுத்தார்கள். இருவரும் பணம் வாங்கவில்லை.

இவர்கள் இருவரும் நிறவெறி ஆட்சியில் கலப்பினத்தார் என்று முத்திரை குத்தி ஒதுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர்கள். அதே மாதம் பெங்களூரில் காலிஸ், பவுச்சர், குளூஸ்னர் ஆகிய மூன்று வெள்ளைக்கார ஆட்டக்காரர்களிடமும் குரோனியே ஜாடையாக இந்தப் பேச்சை எடுத்தார். அவர்கள் அதை வேடிக்கை என்று தள்ளிவிட்டார்கள். தலைவனிடம் சிரித்துத் தள்ளிவிட அவர்களுக்கு வசதி இருந்தது. அணியில் கால் ஊன்ற இடம் தேடிக்கொண்டிருந்த வில்லியம்ஸுக்கு அந்த வசதி எங்கிருந்து வரும்? தலைவன் கேட்டால் "சரி" என்பதைத் தவிர வேறு வார்த்தை தெரியாத இடத்தில் போய்க் கேட்பதற்குப் பெயர் வேறு. விஷயம் வெடித்த பிறகும், ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லிவிடும்படி கிப்ஸிடம் கேட்டுக்கொண்டார். கிப்ஸும் முதலில் அப்படியே பொய் சொன்னார். கடைசியில் இருவருக்கும் ஆறு மாதத் தடை. கிப்ஸுக்கு 60,000 ராண்டும், வில்லியம்ஸுக்கு 10,000 ராண்டும் அபராதம். ஒரு பைசா வாங்காதவர்கள் கொடுத்த விலை இது.

குரோனியே மன்னிப்புக் கேட்கவில்லையா? கேட்டார். மனைவி, குடும்பத்தார், அணியினர் என்று வரிசையாகச் சொல்லிக் கேட்டார். அதை மறைப்பது நியாயமில்லை. ஆனால் வரிசையில் ஒருவரைச் சேர்ப்பது ஒன்று. அவர் முகத்தைப் பார்ப்பது மற்றொன்று. நாம் படித்துப் பார்த்த வாக்கியங்களில் பெரிதாக நிற்பவை குரோனியேயின் வீழ்ச்சி, குரோனியேயின் இருட்டு, குரோனியேயின் சாத்தான். கிப்ஸும் வில்லியம்ஸும் மூலையில் எங்கேயோ நிற்கிறார்கள். கோவலன் புகாரில் வருந்திய வருத்தம் இது. பொய்யான வருத்தமல்ல. ஆனால் முதல் வருத்தம்.

பிறகு என்ன ஆயிற்று? 2000ஆம் வருஷம் அக்டோபரில் ஆயுள் தடை விதித்தார்கள். அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனார். அடுத்த வருஷம் அக்டோபரில் வழக்குத் தள்ளுபடியாயிற்று. வருந்துகிறவன் வழக்காடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வயிற்றுப்பாட்டுக்காக வழக்காடுவது பாவம் என்று நான் நினைக்கவில்லை. ஓர் இயந்திரக் கம்பெனியில் நிதிப் பொறுப்பில் வேலைக்குச் சேர்ந்து, கூட்டமில்லாத ஒரு வாழ்க்கையைத் தொடங்கியிருந்தார். 2002ஆம் வருஷம் ஜூன் 1ஆம் தேதி, மனைவி இருந்த ஜார்ஜ் நகரத்துக்கு ஒரு சரக்கு விமானத்தில் ஏறிப் போனபோது, விமானம் மலையில் மோதி இறந்துபோனார். வயது 32.

அதற்கப்புறம் அவர் தேசத்து ஜனங்கள் அவரை விட்டுவிடவில்லை. 2004இல் தென்னாப்பிரிக்கத் தொலைக்காட்சி ஒன்று தேசத்தின் பெரிய மனிதர்கள் யார் என்று வாக்கெடுத்தபோது அவருக்குப் பதினோராவது இடம் கிடைத்தது. 2008இல் அவர் அண்ணன் பிரான்ஸ் தம்பியின் கதையைச் சினிமாவாகவே தயாரித்து வெளியிட்டார். சகோதர பாசத்தைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் மன்னித்துவிட்டோம் என்று வாக்குப் போடுவதற்கு லட்சக்கணக்கான பேர் இருந்தார்கள். மன்னிக்கும் பாத்தியதை அதில் எத்தனை பேருக்கு இருந்தது?

எனக்கு இந்தக் கதையில் மனதை உறுத்துவது ஒன்றுதான். இளங்கோவடிகள் கோவலனுக்குப் புகாரிலிருந்து மதுரை வரைக்கும் நடக்க வழி கொடுத்தார். அந்த வழியில்தான் முதல் பச்சாத்தாபம் இரண்டாவதாக மாறியது. குரோனியேக்குக் கிடைத்தது ஒரு விசாரணை மண்டபமும், நாலு பக்கமும் காமிராக்களும், இரண்டு வருஷத்துக்கும் குறைவான அவகாசமும். காமிராவின் முன் எவனாலும் தன்னைத்தான் பார்த்துக்கொள்ள முடியும். அவர் போய்ச் சேர்ந்திருப்பாரா? சேர்ந்திருக்கலாம். வழி பாதியில் அறுந்துவிட்டது. அறுந்த கதையின் முடிவை நான் எழுதுவதும் பொய், நண்பர் எழுதுவதும் பொய்.

இவ்வளவையும் மறுநாள் மாலை நண்பரிடம் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, தெருவைப் பார்த்துக்கொண்டே வேறு ஏதோ சொல்வதுபோல் ஆரம்பித்தார். அவருடைய இளைய பிள்ளை ஒரு சங்கத்தில் காசாளராக இருந்தான். இரண்டு வருஷத்துக்கு முன் கையிருப்பில் பணம் குறைந்தது. பிள்ளைதான் எடுத்திருந்தான். வாத்தியார் மனைவியின் நகைகளை விற்றுப் பணத்தைக் கட்டினார். வழக்கு இல்லாமல் போயிற்று. பிள்ளை காலில் விழுந்து கதறினான். அன்று முதல் அவனோடு அவர் பேசவில்லை.

"அவன் அழுதது நிஜமா வேஷமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை, ஸார்" என்றார்.

நான் சற்று நேரம் கழித்து, "பணம் குறைந்தபோது முதலில் யாரைச் சந்தேகப்பட்டார்கள்?" என்று கேட்டேன்.

"அங்கே தினக்கூலிக்கு ஒரு பையன் இருந்தான். அவனை நிறுத்திவிட்டார்கள். உண்மை தெரிந்த பிறகும் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை."

"உங்கள் பிள்ளை அழுதபோது அந்தப் பையனைப் பற்றி ஏதாவது சொன்னானா?"

நண்பர் பதில் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

பத்து நாள் அவர் வரவில்லை. கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டேனோ என்று நான் வருந்திக்கொண்டிருந்தேன். பதினோராம் நாள் வந்தார். பிள்ளையிடம் பேசினாராம். அந்தப் பையனைப் பற்றிக் கேட்டாராம். பிள்ளை ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டானாம். மறுநாள் காலையில் காபி குடித்துக்கொண்டிருந்த அப்பாவிடம் வந்து, "அந்தப் பையன் இப்போது எந்த ஊரில் இருக்கிறான் அப்பா?" என்று கேட்டானாம்.

"இது பச்சாத்தாபமா, ஸார்?" என்றார் நண்பர்.

தெரியாது என்றேன். கணக்கில் போலச் சட்டென்று விடை சொல்லும் விஷயமல்ல இது. ஆனால் இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவன் பேச்சில் இன்னொரு மனிதன் வந்திருக்கிறான். அந்த ஊரைக் கண்டுபிடித்துச் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னேன்.